அருள்மலர் தைத்த பரம்பரை

பாரிசின் லா சப்பலில் அருள்மலரிடம் பிளவுஸ் தைக்கக் கொடுத்த எந்தப் பெண்ணும் தன் உண்மையான அளவைத் தெரிந்துகொண்டு வீட்டுக்குப் போனதில்லை. அளவு நாடாவை இடுப்பைச் சுற்றிப் பிடிப்பாள், எண்ணைப் பார்ப்பாள், கொப்பியில் அதை ஒளிவுமறைவில்லாமல் எழுதுவாள், வாயால் மட்டும் வேறொன்றைச் சொல்வாள். "போன வருசத்தை விட மெலிஞ்செல்லோ போனியள் அக்கா. உந்தத் துணி தண்ணி பட்டாச் சுருங்கும், அதுக்காக ரெண்டு விரல் விட்டுத் தைக்கிறன்." மெலிந்துபோன அக்கா மலர்ந்த முகத்தோடு வெளியே போய், எதிர்க்கடையில் இரண்டு வடையும் ஒரு பால் தேத்தண்ணியும் வாங்குவாள். பிளவுஸ் என்னவோ கச்சிதமாகத்தான் வந்து சேரும்.

இதைப் பொய் என்று சொன்னால் அருள்மலருக்குக் கோபம் வரும். "ஆருக்கு என்ன நட்டம்?" என்று கேட்பாள். யாருக்கும் நட்டமில்லை என்பதுதான் இதில் உள்ள கஷ்டம். நட்டமில்லாத பொய்யை இடையில் நிறுத்த ஒருவருக்கும் மனம் வருவதில்லை. அப்படி நிறுத்தாமல் விட்ட ஒன்று ஒரு கலியாணத்தையே கவிழ்க்கப் பார்த்தது.

அவள் பாரிசுக்கு வந்தது 2009 கடைசியில். வயது நாற்பது. போர் முடிந்த அந்த வருடம் இலங்கையிலிருந்து வந்தவர்களிடம் யாரும் எதையும் துருவிக் கேட்பதில்லை. கேட்டாலும் அருள்மலர் அதைப் பற்றி மட்டும் கதைக்கமாட்டாள். மற்ற எல்லாவற்றைப் பற்றியும் கதைப்பாள். புறநகரான திரான்சியில் மைத்துனி வீட்டுச் சோபாவில் ஒரு மாதம் படுத்தெழும்பிவிட்டு, ரூ காய் தெருவில் கடை கடையாக ஏறி வேலை கேட்டாள். ஏழாவதாக ஏறியது தவரத்தினத்தின் சேலைக் கடை.

"என்ன தெரியும்?" என்று கேட்டார் தவரத்தினம்.

"தைக்கத் தெரியும் அண்ணை. கதைக்கவும் தெரியும்."

"கதைக்கிறதுக்கு இஞ்சை ஆள் தேவையில்லை."

"அதுக்குச் சம்பளம் வேண்டாம்."

மனிதர் சிரிக்காதவர் என்று பேர் எடுத்தவர். அன்றைக்கு அவருடைய மீசை ஒரு பக்கம் அசைந்ததாக அருள்மலர் பின்னாளில் ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்பாள். கடையின் பின்பக்கத்தில் ஒரு திரையைப் போட்டு, தையல் மெஷின் ஒன்றை வைத்துக் கொடுத்தார். வேலை ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தார். விசாவுக்காகப் பிரிபெக்சர் அலுவலகத்தில் குளிருக்குள் வரிசையில் நிற்கவேண்டிய நாட்களில், மூன்று கடைக்கு முதலாளியான அந்த மனிதர், அவளுடைய பப்பியே என்கிற பத்திரக் கட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுக்கு விசாக் கார்ட் கிடைத்த நாளில், "சரி, இனிப் போய்த் தையும்" என்று மட்டும் சொன்னார். இந்த மனிதருக்காக எதையும் செய்யலாம் என்று அருள்மலர் அன்றைக்கு முடிவு கட்டினாள்.

தவரத்தினத்தின் செல்வம் லா சப்பல் முழுக்கத் தெரிந்தது. ரூ காயில் மூன்று கடை, ஓல்னே-சூ-புவாவில் தோட்டத்தோடு வீடு, காஞ்சிபுரத்தில் அவருக்காகவே ஓடிய பதினைந்து தறி. அந்தத் தறிகளில் நெய்த சேலைகள் முந்தானை மூலையில் அவருடைய கடைப் பெயரோடு பிரான்ஸ், சுவிஸ், நோர்வே என்று பறந்தன. ஆனால் இந்தச் செல்வத்துக்கு முன்னால் என்ன இருந்தது என்று கேட்டால், "எங்கட ஐயாவும் துணிதான்" என்று தகப்பனைச் சொல்வார். அதோடு எழுந்துபோய்ப் பெட்டிகளை அடுக்கத் தொடங்குவார். கேட்டவர்கள் அந்த ஒரு வசனத்தைக் கொண்டுபோய்த் தங்கள் வசதிக்கு ஏற்றபடி யாழ்ப்பாணத்தில் பெரிய கடை என்றும், ஆலை என்றும், கொழும்பில் கிளை என்றும் கட்டிக்கொண்டார்கள்.

உண்மை தெரிந்த ஆள் பாரிசில் ஒருத்தி இருந்தாள். அவள் அருள்மலர். தவரத்தினத்தின் ஊருக்கு அடுத்த ஊர் அவளுடையது. அவருடைய தகப்பன் கந்தப்பு, சைக்கிள் கரியரில் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாக, வாசல் வாசலாகப் போய் விற்றவர். மூட்டைக் கந்தப்பு என்றால்தான் ஊரில் ஆளை விளங்கும். தவரத்தினம் அதை மறைக்கிறார் என்று வந்த முதல் வாரத்திலேயே அருள்மலருக்குப் புரிந்துவிட்டது. ஏழு வருடம் அதை வாய்க்குள் வைத்துக் காத்தாள். அருள்மலரை அறிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும்.

இனிக் கலியாணத்துக்கு வருவோம். தவரத்தினத்துக்கும் கலாவதிக்கும் ஒரே மகள் நிரோஜினி. பள்ளிக்கூடம் விட்டு வந்து, திரைக்குப் பின்னால் துணிக்குவியலில் சாய்ந்துகொண்டு, அருள்மலரின் கதைகளைக் கேட்டுத்தான் மிச்சத் தமிழைப் படித்தவள். 2016இல் ஒரு தோழியின் கலியாணத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த கஜன் என்ற பையனைச் சந்தித்தாள். சந்தித்த மூன்றாம் மாதம் திரைக்குப் பின்னால் வந்து, "அன்ரி, அவனில்லாட்டி எனக்கு வேறை ஆரும் வேண்டாம்" என்று பிரெஞ்சில் பாதியும் தமிழில் பாதியுமாகச் சொன்னாள். கஜனின் தகப்பன் ராதாகிருஷ்ணன் இங்கிலாந்தில் இரண்டு துணிக் கிட்டங்கி வைத்திருக்கும் பணக்காரர். குடியிருப்பு ஒரு ஆங்கிலக் கிராமத்தில், கல்லால் கட்டிய மிகப் பழைய மாளிகையில். அவர் சீதனம் கேட்கவில்லை, வீடு கேட்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"கலியாண மலர் ஒண்டு அடிக்கப்போறம்" என்றார் தொலைபேசியில். கலாவதி ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் கடை முழுக்கக் கேட்டது. "ரெண்டு பக்கத்துப் பரம்பரையும் அதிலை வரவேணும். எங்கடது நாலு தலைமுறைத் துணி ஆலைக் குடும்பம். உங்கடதும் துணிக் குடும்பமெண்டு கேள்விப்பட்டுத்தான் நான் ஓமெண்டனான். ஒரு நாலு பக்கம் எழுதி அனுப்பிவிடுங்கோ."

தவரத்தினம் பெட்டி அடுக்கப் போய்விட்டார். கலாவதி தீவுப்பகுதிக்காரி, கலியாணம் கட்டியதே பாரிசில். புருசனின் ஊரைக் கண்ணாலும் கண்டதில்லை. நேரே திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். "அருள்மலர், நீர் அவரின்ரை ஊர்ப்பக்கம்தானே. மனுசன் வாய் திறக்குதில்லை. நீர் சொல்லும், நான் எழுதிறன்."

மூட்டை என்று சொன்னால் கலியாணம் நின்றுபோகும். தெரியாது என்று சொன்னாலும் சந்தேகம் வரும். ஊசியை வைத்துவிட்டுத் தவரத்தினத்திடம் போனாள். அவர் ஏணியில் ஏறி நின்று, ஏற்கெனவே நேராக இருந்த பெட்டிகளை நேராக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, என்னத்தைச் சொல்ல?"

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "பிள்ளை அழக்கூடாது, அருள்மலர். நல்லதாச் சொல்லும்."

நல்லதாகச் சொல்லும்படி அருள்மலரிடம் சொல்வது எவ்வளவு ஆபத்தான காரியம் என்று அந்த மனிதர் ஏணியில் நின்றபடி யோசித்திருக்க வேண்டும்.

முதலில் அடக்கமாகத்தான் தொடங்கினாள். நாலு தறி என்றாள். கலாவதியின் முகம் நாலு தறிக்கு வாடியது. அதைப் பார்க்கச் சகிக்காமல் எட்டாக்கினாள். தேத்தண்ணி வந்தபோது பன்னிரண்டு. கடை பூட்டும்போது இருபத்துநாலு தறியும் மூன்று சாயத் தொட்டியும் ஓடிக்கொண்டிருந்தன. பூட்டனாருக்கு வேலாயுதர் என்று பெயர் வைத்தாள். அவர் நெய்த தேர்ச்சீலை தேரை மூடி, நிலத்தில் இன்னும் நாலு முழம் கிடந்தது. வெள்ளைக்காரத் துரை ஒருவர் முகம் துடைக்கக் கைலேஞ்சி வாங்க வந்து, வேட்டி கட்டிக்கொண்டு திரும்பிப் போனார். கலாவதியின் பேனை பறந்தது.

"யானை நிண்டதோ அருள்மலர்?"

அருள்மலர் கொஞ்சம் யோசித்தாள். "யானை கட்ட வளவு காணாது கலாக்கா. குதிரை ஒண்டு நிண்டது."

அன்றிரவு அவளுக்கு நித்திரை வராத அளவுக்குப் புளுகம், அப்படியொரு சந்தோசம். இருபத்துநாலு தறியும் காதுக்குள் சடசடவென்று ஓடின. தான் சொன்னதில் பாதியை அவளே நம்பத் தொடங்கியிருந்தாள்.

அவள் பாதி நம்பினாள் என்றால் மற்றவர்கள் முழுதாக நம்பினார்கள். கலாவதியின் நடையே மாறிவிட்டது. கடைக்குள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தாள். ஓல்னேயில் படம் கீறும் ஒருவரைப் பிடித்து, வேலாயுதருக்குத் தலைப்பாகையோடு ஓர் எண்ணெய்ச் சாயப் படம் வரைவித்தாள். மூக்குக்கு வேறு வழி இல்லாததால் தவரத்தினத்தின் மூக்கை வைத்தார்கள். கடைப் பைகளில் "1878 முதல்" என்று தமிழிலும் பிரெஞ்சிலும் அச்சாகியது. 1878 எங்கிருந்து வந்தது என்று அருள்மலருக்கே தெரியாது. அது அச்சடித்தவரின் சொந்தக் கைங்கரியம். ஒருநாள் ஐபுரோ வெட்டப் போன இடத்தில், பக்கத்துக் கதிரையில் இருந்த முன்பின் தெரியாத பெண்ணொருத்தி அருள்மலரிடமே அந்தக் கதையைச் சொன்னாள். அதில் தறி முப்பத்தாறாக இருந்தது, யானையும் நின்றது.

இந்தக் கொண்டாட்டத்தில் கலக்காதவர் ஒருவர்தான். தவரத்தினம் அந்தப் படத்தின் கீழால் போகவேண்டி வரும்போதெல்லாம் கடையை ஒருமுறை சுற்றிப் போனார்.

கலியாணத்துக்கு ஆறு கிழமை இருக்க, ராதாகிருஷ்ணன் மனைவியோடு பாரிசுக்கு வந்தார். வந்த காரணம் கூறைச்சேலை. பெண்ணுக்குக் கூறை எடுத்துக் கொடுக்க வேண்டியது மாப்பிள்ளை வீட்டார், அது வழமை. ஆனால் ஐரோப்பாவிலேயே நல்ல கூறை கிடைக்கும் கடை பெண்ணின் தகப்பனுடையது. ஆகவே மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாரிடமே வந்து, பெண் வீட்டாருக்குக் காட்டாமல் வைத்திருக்கவேண்டிய சேலையை, பெண் வீட்டார் எடுத்து விரிக்கப் பார்த்துத் தெரிவு செய்யும் விநோதம் நடந்தது. கலாவதி மரியாதைக்குக் கண்ணைப் பொத்திக்கொண்டு சேலைகளை எடுத்துப் போட்டாள். சம்பந்தியம்மா வாயே திறவாமல் ஒவ்வொரு கரையாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ராதாகிருஷ்ணனுக்குச் சேலையில் கண் இல்லை. அவர் நேரே வேலாயுதரின் படத்துக்குக் கீழே போய் நின்றார். குள்ளமான மனிதர், முழங்கால் வரை கோட்டு. கையிடுக்கில் சிவப்பு மட்டையில் தங்க எழுத்துப் பதித்த தடித்த புத்தகம். அவருடைய பரம்பரை வரலாறு. "இவருடைய தறிகளைப் பற்றிக் கொஞ்சம் விபரமாக் கேக்கவேணும்" என்றார்.

"அருள்மலருக்கு எல்லாம் தெரியும்" என்றாள் கலாவதி பெருமையோடு. அருள்மலர் திரைக்குப் பின்னாலிருந்து, குண்டூசியை வாயில் கடித்தபடி வந்து நின்றாள்.

"எத்தினை தறி தங்கச்சி?"

"இருபத்துநாலு அண்ணை."

"குழித்தறியோ, மேல்தறியோ?"

அருள்மலர் தையல்காரி. தறியைப் படத்தில்கூட ஒழுங்காகப் பார்த்ததில்லை. "பாதி குழி" என்றாள். "மற்றப் பாதி மேலை."

"நீலச் சாயம் எங்கையிருந்து வந்தது?"

"கப்பலிலை."

"எந்தத் துறையிலை இறக்கினவை?"

அந்த நேரம் பார்த்துச் சாப்பாடு வந்திருக்காவிட்டால் அருள்மலர் ஒரு துறைமுகத்தையும் கட்டியிருப்பாள். ராதாகிருஷ்ணன் கையைக் கழுவப் போகும்போது திரும்பிப் பார்த்தார். "சாப்பிட்டிட்டு வாறன் தங்கச்சி. இன்னும் ஏழெட்டுக் கேள்வி இருக்கு." அவர் முகத்தில் சிரிப்பில்லை. புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு எல்லோரோடும் மேல்மாடிக்குப் போனார்.

நிரோஜினி திரைக்குள் ஓடி வந்தாள். கண் கலங்கியிருந்தது. அன்ரியின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவளுக்கு இதுவும் அவள் தைத்ததுதான் என்று தெரியாமலிருக்குமா? "அன்ரி, அவருக்குத் தெரிஞ்சிட்டுது. அவர் அப்பாவை விடமாட்டார். கலியாணம் நிண்டா நான் என்ன செய்யிறது?" பிள்ளை அழக்கூடாது என்பதற்காகத் தொடங்கிய கதை. இப்போது அந்தக் கதையாலேயே பிள்ளை அழுகிறது. வாயால் வந்ததை வாயாலேயே தீர்ப்போம் என்று, என்ன வழி கிடைக்கும் என்று தெரியாமலே, மேசையில் கிடந்த சிவப்புப் புத்தகத்தை எடுத்து வந்து வாசிக்கத் தொடங்கினாள்.

மனிதரின் பரம்பரை உண்மையிலேயே மலைக்க வைப்பதாகத்தான் இருந்தது. யாழ்ப்பாணத்தில் ஒரு கிராமம். பூட்டனார் ஆற்றங்கரையில் கல்லில் ஆலை ஒன்று கட்டுகிறார். ஆற்று நீர் பெரிய சக்கரத்தைச் சுழற்ற, உள்ளே துணி அடிக்கும் சம்மட்டிகள் இரவு பகலாக இயங்குகின்றன. குன்றுகளில் குடும்பத்துக்குச் சொந்தமான அறுநூறு ஆடுகள் மேய்கின்றன. வசந்தத்தில் கம்பளி கத்தரிக்கிறார்கள். ராணுவத்தின் மேலங்கிக்குச் சிவப்புத் துணி கொடுத்துப் பணம் குவிகிறது. ஊர்க் கோயிலுக்கு மணிக்கோபுரம் கட்டுகிறார்கள். இரண்டாம் தலைமுறையில் ஒரு மகன் குதிரைப் பந்தயத்தில் அரைச் சொத்தை அழிக்கிறான். அவனுடைய தங்கை ஆலையை எடுத்து நடத்தி, இரட்டிப்பாக்கிக் காட்டுகிறாள். அருள்மலருக்கு அந்தத் தங்கையை மிகவும் பிடித்துக்கொண்டது. வியந்து வியந்து வாசித்துக்கொண்டு போனவள் நாற்பத்தோராம் பக்கத்தில் நின்றாள். அந்த வருடம் பனி கடுமையாகப் பெய்து, ஆறு உறைந்து, சக்கரம் பதினாறு நாள் சுழலவில்லை என்று எழுதியிருந்தது.

அதை இரண்டாம் முறை வாசித்தாள். மூன்றாம் முறை வாசிக்கும்போது வயிற்றுக்குள் ஏதோ குலுங்கத் தொடங்கியது. புத்தகத்தை நிரோஜினியிடம் நீட்டி, வசனத்தில் விரலை வைத்தாள். லா சப்பலில் பிறந்த பிள்ளை அதை நிதானமாக எழுத்துக்கூட்டி வாசித்தது.

"ஓம் அன்ரி, பாவம்தான். பதினாறு நாள்."

"பிள்ளை, யாழ்ப்பாணத்திலை ஆறு எங்கை இருக்கு?"

"ஏன், இல்லையா?"

அருள்மலர் துணிக்குவியலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். ஓர் ஆறும் இல்லாத குடாநாட்டில் ஆற்றை ஓடவிட்டதும் போதாமல், அந்த வெயிலில் அதை உறையவும் வைத்திருக்கிறார். குன்றும் இல்லை, அறுநூறு கம்பளி ஆடும் இல்லை. இருநூறு பிரதி அடித்து உறவினருக்கெல்லாம் கொடுத்த புத்தகம். எல்லோரும் படத்தையும் தங்கள் பெயரையும் மட்டும் தேடிப் பார்த்துவிட்டு அலுமாரியில் வைத்திருக்கிறார்கள்.

சாப்பாடு முடிந்து எல்லோரும் இறங்கி வந்தார்கள். ராதாகிருஷ்ணன் கதிரையை இழுத்துப் போட்டு, கோட்டுப் பொத்தானைக் கழற்றி வசதியாக இருந்தார். தவரத்தினம் கல்லாவுக்குப் பக்கத்தில் வெளிறிப்போய் நின்றார்.

"சரி தங்கச்சி. நூல் எங்கையிருந்து எடுப்பிச்சவை?"

"சொல்லுறன் அண்ணை. அதுக்கு முதல் நான் ஒண்டு கேக்கலாமோ?" அருள்மலரின் குரல் அவ்வளவு பணிவாக ஒருநாளும் இருந்ததில்லை. "உங்கட ஆறு எந்தப் பக்கத்தாலை ஓடினது?"

"என்ன ஆறு?"

"சக்கரம் சுத்தின ஆறு. பனிக்குப் பதினாறு நாள் உறைஞ்ச ஆறு."

ராதாகிருஷ்ணன் கழற்றிய கோட்டுப் பொத்தானைத் திரும்பப் பூட்டினார். அன்று காலை முதல் வாய் திறவாத சம்பந்தியம்மா, கையிலிருந்த சேலையிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினார். "அந்தப் பனியை எடுத்துவிடுங்கோ எண்டு நான் அப்பவே சொன்னனான்."

ராதாகிருஷ்ணனின் கோட்டு இப்போது அவருக்கு மூன்று அளவு பெரிதாகத் தெரிந்தது. பிறகு உள்ளதைச் சொன்னார். அவர் வாங்கிய மாளிகை ஒரு காலத்தில் அந்த ஆங்கிலக் கிராமத்துப் பெரிய கம்பளித்துணிக் குடும்பத்துடையது. குடிபோன அன்று அயல்வீட்டு மனிதர் அந்தக் குடும்பத்தின் வரலாற்றை எழுதிய சிறு புத்தகத்தை அன்பளிப்பாகக் கொண்டுவந்து கொடுத்தார். அதைச் சென்னைக்கு அனுப்பி, பெயர்களையும் ஊரையும் மட்டும் மாற்றித் தமிழில் எழுதுவித்தார். முழுதாகத் தான் வாசித்துப் பார்க்கவில்லை.

"அவையளுக்கு அந்த வீட்டுச் சுவர் முழுக்க முந்நூறு வருசம் தொங்கினது" என்றார். "கழட்டிக்கொண்டு போய்ட்டினம். சுவரிலை வெள்ளைச் சதுரம் மட்டும் மிச்சம். எனக்கு அதிலை கொழுவ ஒரு படம் இல்லை. என்ரை அப்பா வெங்காயத் தோட்டம் செய்தவர். துணியெண்டு எங்கட வீட்டிலை இருந்தது ரெண்டு சாரமும் ஒரு துவாயும். நான் இங்கிலாந்துக்கு வந்து சொக்ஸ் மடிக்கிற பக்டரியிலைதான் தொடங்கினனான்." தவரத்தினத்தை நிமிர்ந்து பார்த்தார். "உங்களுக்கு உண்மையாவே பரம்பரைத் தறி இருந்ததெண்டால் என்ரை பொய்யைப் பிடிச்சுப்போடுவியளெண்டு பயம். அதாலைதான் உந்தப் பிள்ளையைத் துருவினனான்."

தவரத்தினம் கல்லாவைச் சுற்றி வந்தார். அருள்மலர் அவரை அன்றைக்குத்தான் அவ்வளவு கிட்டத்தில், நேருக்கு நேராகப் பார்த்தாள் என்று சொல்லலாம்.

"தறி இல்லை" என்றார். "ஒண்டும் இல்லை. எங்கட ஐயா சைக்கிளிலை மூட்டை கட்டி வித்தவர். மூட்டைக் கந்தப்பு. பள்ளிக்கூடத்திலை என்னையும் அப்பிடித்தான் கூப்பிட்டவங்கள். ஒருநாள் பள்ளிக்கூட வாசலாலை ஐயா போகேக்கை, ஆரெண்டு தெரியாத மாதிரி நான் மற்றப் பக்கம் திரும்பி நிண்டனான். அவர் கண்டவர்."

முதலில் சிரித்தது யார் என்பதில் இன்றைக்கும் அபிப்பிராய பேதம் உண்டு. கலாவதி என்று அருள்மலர் சொல்வாள். படத்தில் இருந்த வேலாயுதரை நிமிர்ந்து பார்த்து, "அப்ப இவர் ஆர்?" என்று கலாவதி கேட்டிருக்கிறாள். அதோடு எல்லோரையும் சிரிப்புப் பிடித்தது. ராதாகிருஷ்ணன் கதிரையில் முன்னும் பின்னும் ஆடினார். நிரோஜினி கண்ணீரைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். சிரிக்காத மனிதர் தவரத்தினம் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்று, மூச்சு எடுக்க முடியாமல் சிரித்தார். அவர் அழுகிறாரோ என்று பயந்து அருள்மலர் தண்ணீர் கொண்டு ஓடினாள். சேலை வாங்க வந்த இரண்டு பெண்கள் எட்டிப் பார்த்துவிட்டு, என்னவென்று தெரியாமலே சிரித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

ஓய்ந்தபோது இரண்டு தகப்பன்மாரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கலியாணம் நடக்குமா என்று கேட்க இருவருக்கும் பயம்.

"நிப்பாட்டவேண்டியது உந்தப் பரம்பரைக் கதையை" என்றார் சம்பந்தியம்மா. "கலியாணத்தை இல்லை. இந்த அரக்குச் சிவப்பை மடியுங்கோ, இதுதான் கூறை."

நிரோஜினி அருள்மலரின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். வேலாயுதரின் படத்தை அன்றைக்கே கழற்றினார்கள். அதை எறிய மனமில்லாமல் ராதாகிருஷ்ணன் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அந்த வெள்ளைச் சதுரத்துக்கு யாராவது வேண்டும்தானே என்றார்.

கடை பூட்டும் நேரம் தவரத்தினம் திரையை விலக்கி எட்டிப் பார்த்தார். "உமக்கு ஐயாவைத் தெரியுமோ?"

"தெரியும் அண்ணை. எங்கட வீட்டுக்கும் வாறவர்."

"ஏழு வருசமாத் தெரியுமோ?"

"ஓம்."

"உம்மடை வாயை வைச்சுக்கொண்டோ" என்றார் அவர், ஆச்சரியம் தாங்காமல். பிறகு துணிக்குவியலில், மகள் இருந்து வளர்ந்த இடத்தில், மெல்ல உட்கார்ந்தார். "என்னட்டை ஐயாவின்ரை ஒரு படமும் இல்லை. இடம்பெயரேக்கை எல்லாம் போயிட்டுது. என்னெண்டாலும் சொல்லும். கூட்டிச் சொல்லாதையும்."

அருள்மலர் கூட்டிச் சொல்லவில்லை. அவள் வாழ்க்கையிலேயே அதுதான் சிரமமான கதை. கந்தப்பு மூட்டையை அவிழ்த்தால் வாங்குகிறவர், வாங்காதவர் எல்லோரும் தொட்டுப் பார்க்கலாம். மூக்கு நுனியிலிருந்து விரல் நுனி வரை பிடித்து அளப்பார். அளக்கும்போது முகத்தை மற்றப் பக்கம் திருப்புவார், அதனால் ஒவ்வொரு அளவுக்கும் நாலு விரல் கூட வரும். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தவரத்தினம் அதை இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டார்.

கலியாண மலரில் இரண்டு பக்கத்துப் பரம்பரையும் சேர்ந்து ஒரே பக்கம் வந்தது. வெங்காயத் தோட்டமும் சொக்ஸ் மடித்ததும் மேலே; துணி மூட்டையும் சைக்கிளும் கீழே. கந்தப்பு அளந்த விதத்தையும் அருள்மலர் எழுதியிருந்தாள். கலியாணத்தன்று ஓல்னே மண்டப வாசலில் அதைக் கையில் வாங்கியவர்கள் என்ன சொல்லப்போகிறார்கள் என்று தவரத்தினத்துக்கு நடுக்கம். பட்டு வேட்டியோடு வாசலில் நின்று, ஒவ்வொருவரும் பக்கம் புரட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தாலி கட்டி முடிந்து, சாப்பாட்டு வரிசை தொடங்கியபோது முதலாவது ஆள் வந்தார். திரான்சியிலிருந்து வந்த வயதான மனிதர். "நீர் கந்தப்பற்றை மகனோ? என்ரை கலியாண வேட்டி அவரிட்டைத்தான் எடுத்தது" என்றார். அவருக்குப் பின்னால் ஒரு பெண், தன் தாயின் முதல் நைலெக்ஸ் சேலையைப் பற்றி. பிறகு இன்னொருவர், மணிச்சத்தம் கேட்டால் ஒழுங்கை முழுக்க ஓடிப்போகும் என்று. சைக்கிள் மணியை விரலால் காற்றில் அடித்துக் காட்டினார். தவரத்தினத்தைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. மாப்பிள்ளை பொம்பிளையோடு படம் பிடிக்கக் காத்திருந்தவர்கள் அங்கே நகர்ந்தார்கள். அறுபது வயது மனிதர், தலைப்பாகை சரிய, ஒவ்வொரு முகமாகத் திரும்பித் திரும்பி, தலை கால் தெரியாத சந்தோசத்தில் நின்றார். பக்கத்தில் நின்ற அருள்மலர் எட்டி அந்தத் தலைப்பாகையை நிமிர்த்திவிட்டாள்.

கடைசியாக வந்தவள் இம்மாகுலேற். மன்னார்க்காரி, கடைக்கு இரண்டு கதவு தள்ளி மரக்கறி விற்கிறவள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, தவரத்தினத்தின் இரண்டு கையையும் பிடித்தாள். "அண்ணை, உங்கட ஐயா எங்கட வீட்டுக்கும் வந்தவர். நான் சின்னப்பிள்ளை. எனக்குச் சும்மா ஒரு துண்டு துணி வெட்டித் தந்தவர்."

கந்தப்புவின் சைக்கிள் ஆறேழு ஊரைத் தாண்டிப் போனதில்லை. மன்னார் எங்கே, அவர் எங்கே. அருள்மலர் இம்மாகுலேற்றைப் பார்த்தாள். இம்மாகுலேற் அருள்மலரைப் பார்க்கவில்லை. தவரத்தினத்துக்கும் அது தெரியும், ஐயா எதுவரைக்கும் போவார் என்று அவரை விட யாருக்குத் தெரியும்.

"என்ன நிறம்?" என்று கேட்டார் தவரத்தினம்.

"கத்தரிப்பூ நிறம் அண்ணை. கரையிலை சின்ன வெள்ளைப் பொட்டு."

அவர் அவளுடைய கையை விடவில்லை. "சிரிச்சுக்கொண்டோ தந்தவர்?" என்று கேட்டார்.